காலி பிக்கப்பும் நான்கு மணல் மூட்டைகளும்

5

"செத்துட்டாரா?" என்று கேட்டேன்.

"இல்ல. ரேடியோவுல பேசிட்டு இருக்காரு," என்றார் செல்மா.

உண்மைதான். என் வண்டியின் ரேடியோவில் ஆர்லோ ஸ்டென்ஸ்ருட்டின் குரல் கணீரென்று வந்துகொண்டிருந்தது. அவருடைய பிக்கப் மட்டும் எங்கள் எதிரே, ஒன்பதாம் நம்பர் சாலையின் ஏரி வளைவில், பின்பக்கம் பள்ளத்திலும் முகம் வானத்திலுமாகக் கிடந்தது. அந்த வழியாக வந்த யாரோ ஒரு புண்ணியவான் ஆளை ஏற்றிக்கொண்டு போய், நோர்பி ரேடியோ நிலையத்தில் இறக்கிவிட்டிருந்தான். காலை ஆறரை மணிக்கு அங்கே 'பனிச்சாலையில் பத்திரமாக ஓட்டுவது எப்படி' என்று ஆர்லோ வாராவாரம் உபதேசம் செய்வார். இன்று ஒரு மணி நேரம் தாமதம்.

"ஒரு மலை மாதிரி வந்துச்சு நேயர்களே," என்றது ரேடியோ. "பனி தள்ளுற லாரி. என் பக்கத்துலயே ஏறி வருது! நான் மட்டும் ஒதுங்கலேன்னா இன்னைக்கு இது இரங்கல் நிகழ்ச்சி. பன்னெண்டு மணிக்கு மாவட்டக் குழு கூடுது. அத ஓட்டற மார்லிஸ் இனிமே லாரியில ஏறக் கூடாதுன்னு நானே தீர்மானம் கொண்டுவரப் போறேன்."

செல்மா ரேடியோவை அணைத்தார்.

செல்மா ஹாகன் எங்கள் ஷெரிப் அலுவலகத்தின் துப்பறியும் அதிகாரி. போன மாதம் அவர் துப்பறிந்த பெரிய வழக்கு, மீன்பிடிக் குடிசையிலிருந்து திருட்டுப் போன ஒரு ஸ்டவ். நான் வெய்னோ பெல்கோனன். பள்ளத்தில் விழுந்த வண்டிகளை இழுப்பது என் தொழில். செல்மாவை அங்குமிங்கும் ஏற்றிக்கொண்டு போய், அவர் யோசிக்கும்போது குறுக்கே பேசுவது என் பொழுதுபோக்கு.

ஆர்லோவோ மாவட்டக் குழுவின் உறுப்பினர், குளிர்காலச் சாலைப் பாதுகாப்புக் கமிட்டியின் தலைவர், உள்ளூர் வாரப் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவர். 'நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி கிளம்பத்தான் உதவும், நிற்க உதவாது' என்று எழுதியவர். 'பிக்கப்பின் பின்பக்கம் காலியாக இருந்தால் அது வண்டியல்ல, சறுக்குப் பலகை' என்றும் எழுதியவர். பனியில் அறிவுரையும் அவரே, அதற்கு அத்தாட்சியும் அவரே. முன் பம்பரில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்: 'இருபத்தாறு பனிக்காலம். ஒரு பள்ளமும் இல்லை.' அது இப்போது வானத்துக்குத் தன்னைக் காட்டிக்கொண்டிருந்தது.

"மார்லிஸ் வேலை போச்சுன்னா டேல் கதி?" என்றேன்.

மார்லிஸின் புருஷன் டேலுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அது நடப்பது அவளுடைய மாவட்ட வேலையோடு வரும் காப்பீட்டில். பதினோரு வருடமாக விடிவதற்கு முன்பே எழுந்து எங்களுக்குச் சாலை போட்டுக்கொடுக்கிறாள். மற்ற டிரைவர்கள் தள்ளும் பனி நம் வீட்டு வாசலை இடுப்பளவு அடைத்துவிட்டுப் போகும். மார்லிஸ் ஒவ்வொரு வாசலுக்கும், லாரியின் முன்னால் பனியை ஒதுக்கும் தகட்டைத் தூக்கி, தாண்டியதும் இறக்குவாள். அப்படிப்பட்டவளை ஆர்லோ ரேடியோவில் வைத்துக் கொலைகாரியாக்கிவிட்டார்.

"மணி எட்டு," என்றார் செல்மா. "வண்டிய நிறுத்து. பாப்போம்."

சாலையோரம் நெடுக, லாரி ஒதுக்கிவிட்டுப் போன பனி முழங்கால் உயரத்துக்கு வரப்பு கட்டியிருந்தது. நல்லவேளையாக ஆர்லோவின் வண்டிக்கு நேரே வரப்பு இல்லாத ஓர் இடம் இருந்தது. பின்னால் எடுத்து அங்கே சொகுசாக நிறுத்தினேன்.

கதவைத் திறந்ததும் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. பூஜ்யத்துக்குக் கீழே இருபது.

"எதிர்ல லாரி வந்தா நீ என்ன பண்ணுவ?" என்று செல்மா கேட்டார்.

"ஓன்னு கத்துவேன்."

"அதுக்கப்புறம்?"

"ஸ்டீயரிங்க வலது பக்கம் ஒடிப்பேன். மூக்கு முதல்ல பள்ளத்துல போகும்."

"இவரு வண்டி?"

"வாலு முதல்ல போயிருக்கு." எனக்கே பொறி தட்டியது. "சுத்தியிருக்கு. பின்பக்கம் லேசா இருந்தா வளைவுல அப்படித்தான் சுத்தும். ஆனா இவருகிட்டதான் நாலு மூட்டை மணல் இருக்குமே! பத்தி முழுக்க அதைத்தானே எழுதறாரு?"

"ஏறிப் பாரு."

பிக்கப்பின் பின்தொட்டியில் ஏறினேன். உள்ளே ஒரு ஜாண் பனி. ஊருக்கு உபதேசம் செய்கிற மனுஷன் தன் வண்டியைத் துடைக்காமலே கிளம்பியிருக்கிறார். கையோடு கொண்டுபோன துடைப்பத்தால் தள்ளினேன். மூட்டை ஒன்றுகூட இல்லை. அடியில், இரும்போடு உறைந்த ஐஸில், நான்கு செவ்வகத் தடங்கள். ஒவ்வொன்றிலும் பச்சைச் சாக்கு நார் பிய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"உறைஞ்சு ஒட்டின மூட்டைய யாரோ பிடுங்கி எடுத்திருக்காங்க," என்று கத்தினேன். "விழுந்தப்ப வெளியில தெறிச்சிருக்குமோ?"

"தடத்துக்கு மேல பனி இருந்துச்சா, கீழ இருந்துச்சா?"

"மேல."

"பனி நேத்து ராத்திரி ஏழு மணிக்கு ஆரம்பிச்சு விடியக்காலம் அஞ்சு மணிக்கு விட்டுச்சு. அப்ப மூட்டை அதுக்கு முன்னாடியே போயாச்சு. அப்படியே நில்லு, ஒரு போட்டோ எடுக்கறேன்."

"துடைப்பத்தோடயா?"

"அதான் உனக்கு எடுப்பா இருக்கு."

சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்று எடுத்தார். திரும்பி வந்தவர் முன் பம்பருக்குக் கீழே குனிந்தார். வண்டியை இழுக்கச் சங்கிலி மாட்டும் இரும்புக் கொக்கி அங்கே இருந்தது.

"வெய்னோ, வண்டி பூராவும் துருவேறிக் கெடக்கு. இந்தக் கொக்கி மட்டும் தேய்ஞ்சு பளபளன்னு இருக்கே, ஏன்?"

எனக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. "குளிரு," என்றேன்.

செல்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிக்கப்பை இப்போதைக்கு இழுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

*

மாவட்ட லாரிக் கொட்டகையில் மார்லிஸ் தனியாக உட்கார்ந்திருந்தாள். லாரிச் சாவியை அவளிடமிருந்து ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள். தன் அலமாரியைக் காலி செய்து, கையுறை, பிளாஸ்க், டேலின் போட்டோ எல்லாவற்றையும் ஓர் அட்டைப்பெட்டியில் வைத்திருந்தாள்.

"ஏரி வளைவ எத்தனை மணிக்குத் தாண்டின?" என்றார் செல்மா.

"ஆறு பத்து."

"ஆர்லோவப் பாத்தியா?"

மார்லிஸ் காபிக் கோப்பைக்குள் பார்த்தாள். "யாரும் எதிர்ல வரல."

"நான் கேட்டது அது இல்ல."

"எதிர்ல யாரும் வரல, செல்மா. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்." பிறகு, "அவருக்குக் கால் விரல் எல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்டாள்.

வெளியே வந்ததும் நான் பொரிந்து தள்ளினேன். "வேலை போகப் போகுது, இவ அந்த ஆளோட கால் விரலுக்குக் கவலைப்படறா! இந்த மாவட்டத்துல நல்லவங்களா இருந்தே எல்லாரும் நாசமாப் போறாங்க."

"கால் விரலைப் பத்தி ரேடியோவுல ஏதாவது சொன்னாரா?"

"இல்ல."

"அப்ப இவ ஏன் கேட்டா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாதபோது வண்டியைக் கிளப்புவது என் வழக்கம்.

*

துப்பறியும் கதை என்றால் அதில் ஒரு துரத்தல் வேண்டும். எங்களுடையது, பன்னிரண்டு மணிக் கூட்டத்தைத் துரத்தி, மணிக்கு இருபத்தைந்து மைல் வேகத்தில் நடந்தது. அதற்கு மேல் போனால் நாங்களும் பள்ளத்தில் படுத்து மாவட்டக் கூட்டத்தை ரேடியோவில்தான் கேட்டிருப்போம். ஷெரிப் அலுவலகத்தில் செல்மாவுக்கு அறிக்கை எழுத இரண்டு மணி நேரம் பிடித்தது. மாவட்டக் குழு கூடும் நீதிமன்றக் கட்டடம் அங்கிருந்து பதினாறு மைல். கிளம்பும்போது மணி பதினொன்றேகால்.

"ஆர்லோ மூட்டைய யாரு திருடுவா?" என்றேன். "ஜனவரி மாசத்துல ஒருத்தன் பிக்கப்புலேர்ந்து மணல் மூட்டைய எடுக்கறது, நடுரோட்டுல அவன் பேன்ட்ட உருவற மாதிரி. நம்ம ஊர்ல அவ்வளவு மோசமானவன் எவனும் இல்லியே. எனக்குச் சந்தேகம், அந்த…"

சந்தேகம் யார் மேல் என்பதைச் சொல்லி முடிக்கவில்லை. பேச்சு சுவாரசியத்தில் பாலம் வந்ததைக் கவனிக்கவில்லை. தரைக்கு முன்னால் பாலம் உறைந்துவிடும் என்பது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். வண்டியின் பின்பக்கம் மெல்ல, ரொம்ப மரியாதையாக, இடது பக்கம் நகர ஆரம்பித்தது. எதிரே மரக்கட்டை லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. என் கால் பிரேக்கைத் தேடிப் போனது.

"பிரேக்கத் தொடாத," என்றார் செல்மா. 'உப்பை இப்படிக் கொடு' என்பது போன்ற குரல். "ஆக்ஸிலேட்டர்லேர்ந்து கால எடு. வாலு எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமே ஸ்டீயரிங்க மெதுவாத் திருப்பு. லாரியப் பாக்காத. நீ போக வேண்டிய எடத்தப் பாரு."

திருப்பினேன். பின்னால் இருந்த ஆறு மூட்டை மணலும் சங்கிலிகளும் சேர்ந்து அழுத்த, டயர் எங்கேயோ ஓரிடத்தில் சாலையைப் பிடித்தது. வண்டி நேரானது. மரக்கட்டை லாரி எங்கள் கண்ணாடியை உரசாமல் போனது. லாரிக்காரன் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொன்னான். பதிலுக்குத் தூக்க என் விரல் வரவில்லை.

"இப்ப சொல்லு," என்றார் செல்மா. "யாரு மேல சந்தேகம்?"

"மறந்துபோச்சு."

"அப்பாடா."

நீதிமன்றக் கட்டடத்தின் முன்னால் வண்டியை நிறுத்தியபோது பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். வாசலில் பாதுகாப்புக் கமிட்டியின் புது விளம்பரப் பலகை, வீடு அகலத்துக்கு, காற்றில் தடதடத்துக்கொண்டிருந்தது. அதில் ஆர்லோவின் சிரித்த முகம். பக்கத்தில் கொட்டை எழுத்தில்: 'பின்பக்கம் கனமாக இருக்கட்டும்! உயிர் உங்கள் வசம் இருக்கட்டும்!'

செல்மா அப்படியே நின்றுவிட்டார். பலகையின் இரும்புக் கால்களைக் கையால் காட்டினார். காற்றில் பறந்துவிடாமல் இருக்க, காலுக்கு இரண்டாக நான்கு பச்சை மூட்டைகள் வைத்திருந்தார்கள். ஒன்றைப் புரட்டினேன். அடிப்பக்கம் பிய்ந்திருந்தது.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பின்பக்கம் கனம் வேண்டும் என்று ஊருக்குச் சொல்வதற்காக மனுஷன் தன் பின்பக்கத்தைக் காலி செய்திருக்கிறார்!

"தூக்கு," என்றார் செல்மா.

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு போதும். நாலையும் எடுத்தா ஆர்லோ பறந்துடுவாரு."

*

கூட்ட அறையில் நாற்பது பேர் இருந்தார்கள். ஓரத்து மேஜையில் வழக்கம்போல நான்கு தட்டு ஹாட்டிஷ், உருளைக்கிழங்கும் இறைச்சியும் பாலாடைக்கட்டியும் ஆவி பறக்க. எங்கள் மாவட்டத்தில் ஒருவரை வேலையை விட்டுத் தூக்குவதானாலும் வயிற்றுக்குப் போட்டுவிட்டுத்தான் தூக்குவோம். மார்லிஸ் கடைசி வரிசையில் அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆர்லோ தீர்மானத்தை வாசித்து முடித்தார். செல்மா எழுந்தார். நான் அறுபது பவுண்டு மூட்டையைக் குழுவின் மேஜை மேல் 'தொப்'பென்று போட்டேன். செல்மா கதையைச் சொன்னார்: தடம், நார், தடத்துக்கு மேல் கிடந்த பனி, பலகையின் கால். அறை முழுக்கச் சலசலத்தது. ஆர்லோவின் காது சிவந்தது.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

"ஒத்துக்கறேன்," என்றார் ஆர்லோ, கையை விரித்து. "நேத்துக் காத்து அதிகம். பொதுக் காரியத்துக்காக என் சொந்த மூட்டையக் குடுத்தேன். அது தப்புன்னா மன்னிச்சுடுங்க. ஆனா மூட்டை இல்லாததாலயா லாரி என் பக்கம் வந்துச்சு? மார்லிஸ் என் பக்கம் வந்தா. நான் ஒதுங்கினேன். மூட்டை இல்லாததால கொஞ்சம் சுத்திடுச்சு. அவ்வளவுதானே?"

தலைகள் ஆடின. காலையிலிருந்து துரத்திய துப்பு, மேஜை மேல் வெறும் மணலாக உட்கார்ந்திருந்தது. கடைசி வரிசையில் மார்லிஸ் பெட்டியின் மூடியை மெதுவாகச் சாத்தினாள்.

"ஓட்டுக்கு விடலாமா?" என்றார் குழுத் தலைவி பெர்னிஸ்.

"ஒரு நிமிஷம்," என்றார் செல்மா. "வெய்னோ, காலையில உன் வண்டிய எங்க நிறுத்தின?"

"நானா? ஆர்லோ வண்டிக்கு நேரா."

"அங்கதான் முழங்கால் உசரத்துக்குப் பனி வரப்பு இருக்குமே. எப்படி நிறுத்தின?"

"அந்த எடத்துல மட்டும் வரப்பு இல்ல. ஒரு இருபது அடிக்கு…"

வாய் திறந்தபடியே நின்றேன். முழுப் பூசணிக்காய் மேல் வண்டியை நிறுத்திவிட்டு, காலையெல்லாம் பூசணிக்காயைத் தேடியிருக்கிறேன்.

"மார்லிஸ் தகட்டைத் தூக்கியிருக்கா!" என்று கத்தினேன். "அந்த எடத்துல தூக்கி, தாண்டினதும் எறக்கியிருக்கா!"

"ஏன் தூக்கணும்?" என்றார் செல்மா. "அங்க வீடு இல்ல, வாசல் இல்ல. மூடிடக் கூடாதுன்னு அவ நெனைக்கற மாதிரி அங்க ஏதோ ஒண்ணு இருந்திருக்கு. அவ வர்றதுக்கு முன்னாடியே."

"அது வெய்னோ ஏத்தி நசுக்கினது," என்றார் ஆர்லோ.

செல்மா தன் போனை பெர்னிஸிடம் நீட்டினார். "நசுக்கின பனி அங்கயே கெடக்கும். இதுல சுத்தமா மட்டமா இருக்கு. ரெண்டு முனையிலயும் வரப்பு சீவின மாதிரி சரிஞ்சு முடியுது. துடைப்பத்தோட நிக்கற ஆளப் பாக்காதீங்க, அவனுக்கு முன்னாடி நிக்கற வண்டிச் சக்கரத்துக்குக் கீழ பாருங்க."

போன் கை மாறி மாறிப் போனது. ஆர்லோ அதை வாங்கவே இல்லை.

செல்மா கடைசி வரிசைக்குத் திரும்பினார். "மார்லிஸ், அவரு கால் விரல் எப்படி இருக்குன்னு ஏன் கேட்ட?"

மார்லிஸ் எழுந்தாள். குழுவைப் பார்க்காமல் ஆர்லோவைப் பார்த்தாள், அனுமதி கேட்கிறவளைப் போல. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆபீஸ் ஷூவோட பனியில நின்னாரு," என்றாள். "நான் போறப்பவே வண்டி பள்ளத்துலதான் கெடந்துச்சு. லாரியால இழுத்து விடச் சொன்னாரு. பனி தள்ளுற லாரி தனியார் வண்டிய இழுத்தா வேலை போயிடும்னு ரெண்டு வருஷம் முன்னாடி இவருதானே சட்டம் போட்டாரு? முடியாதுன்னேன். வெய்னோவக் கூப்பிடட்டுமான்னேன். வேணாம், ஊருக்கே தெரிஞ்சிடும்னாரு. என் பிளாஸ்க்லேர்ந்து காபி குடுத்தேன். யார்கிட்டயும் சொல்லாதன்னாரு. சரின்னேன்."

"அப்புறம் ரேடியோவுல உன் பேரச் சொன்னாரே! அப்பவாவது வாயத் தொறக்க வேண்டாமா?" என்றார் பெர்னிஸ்.

"சரின்னு சொல்லிட்டேனே."

எங்கள் மாவட்டத்தில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. பள்ளத்தில் கிடப்பவனைக் கண்டால் இழுத்துவிட வேண்டும். இழுத்ததை வெளியே சொல்லக் கூடாது. அந்தச் சட்டத்தை நம்பித்தான் ஆர்லோ அவள் தலையில் பழியைப் போட்டிருக்கிறார். அவள் சொல்ல மாட்டாள் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். நினைக்க நினைக்க எனக்கு அருவருப்பாக இருந்தது. என் மீதும்தான்.

"நான் ஆர்லோவ ரெண்டு தடவை இழுத்திருக்கேன்," என்றேன். "போன வருஷம் ஒண்ணு, அதுக்கு முந்தின வருஷம் ஒண்ணு. கொக்கி பளபளக்கறது அதனாலதான், செல்மா. காலையில இருமினேன்ல, அது குளிரு இல்ல."

"தெரியும்," என்றார் செல்மா.

"நான் டிராக்டரால இழுத்தேன், கல்லறைத் திருப்பத்துல," என்றார் லூத்தரன் பாதிரியார், மிகவும் வருத்தத்தோடு. பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் கையைத் தூக்கினார். நூலகத்துப் பெண் தூக்கினாள். ஹாட்டிஷ் மேஜையருகே நின்ற இரண்டு பேர் கரண்டியைத் தூக்கினார்கள். கடைசியில் பெர்னிஸே தூக்கினார். "மூணு தடவை," என்றார். "நான் மட்டுந்தான்னு நெனச்சேன்."

ஆர்லோ ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "எல்லாருக்கும் தெரியுமா?"

"ஒவ்வொருத்தருக்கும் தெரியும்," என்றார் பெர்னிஸ். "எல்லாருக்கும் தெரியும்ங்கறது இப்பதான் தெரியும்."

தீர்மானம் ஓட்டுக்கே வரவில்லை. லாரிச் சாவி வரிசை வரிசையாகக் கைமாறி மார்லிஸிடம் போய்ச் சேர்ந்தது. ஆர்லோ மேஜையைச் சுற்றிக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றார். அந்த மனுஷன் அவ்வளவு குள்ளம் என்பதை அன்றுதான் கவனித்தேன்.

"மன்னிச்சுடு மார்லிஸ்," என்றார்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரே பதில்தான். 'பரவாயில்லை.' காலை மிதித்தாலும் பரவாயில்லை, கொட்டகையைக் கொளுத்தினாலும் பரவாயில்லை. நாற்பது பேரும் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தோம். அதைக் கேட்டதும் தட்டை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போகலாம்.

மார்லிஸ் பெட்டியைத் திறந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"இல்ல, ஆர்லோ," என்றாள். "நாளைக்கு டேலுக்கு டயாலிசிஸ் நாள். காப்பீடு இல்லாம அங்க போய் நான் என்ன சொல்றதுன்னு காலையிலேர்ந்து யோசிச்சுட்டு இருக்கேன். அது உங்களுக்கும் தெரியும், தெரிஞ்சுதான் பண்ணீங்க. பரவாயில்லன்னு என்னால சொல்ல முடியாது."

பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே நடந்தாள். எங்கே பார்ப்பதென்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. கூட்டத்தில் கைதட்டுவது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. இருந்தாலும் தட்டினேன். கொஞ்ச நேரம் என் கை மட்டும் தனியாகக் கேட்டது. பிறகு செல்மாவும் தட்டினார்.